புழுங்கல் நொய், பச்சை நொய்: எல்லையோரப் பதிகளில் ஒரு கோழித் தடுப்பு மருந்து ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி என்று வரிசையாகப் போகிற இந்த ஊர்கள் நிர்வாகத்தில் கேரளம், வீட்டுப் பேச்சில் தமிழ். கேரளம் என்றதும் மனதில் வரும் பச்சை இங்கே குறைவு. மழைமறைவுப் பூமி, பனையும் நிலக்கடலையும் மக்காச்சோளமும்தான். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பல ஊர்ப்பெயர்கள் 'பதி' என்று முடிவதால் இந்தக் குறிப்பில் ஊர்களைப் பெயர் சொல்லாமல் முதல் பதி, இரண்டாம் பதி, மூன்றாம் பதி என்றே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களும் இல்லை.

வீட்டுக்கு அஞ்சாறு நாட்டுக்கோழி மேயும். அவசரத்துக்கு விற்கவும், விருந்தாளி வந்தால் அடிக்கவும், பேரப்பிள்ளைக்கு முட்டை அவித்துக் கொடுக்கவும் உதவுகிற சேமிப்பு அது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகிவிடும். உலகம் நியூகாசில் நோய் என்கிறது, நாம் ராணிக்கெட் என்கிறோம். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பதிவான நோய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குமாவூன் மலையின் ராணிக்கெட்டிலும் தென்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம் ஒரு பாராமிக்சோ வைரஸ். உள்ளே சுமார் 15,000 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை ஆர்.என்.ஏ., வெளியே கொழுப்பு உறை. இந்தக் கொழுப்பு உறையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தடுப்பு மருந்து பல பத்தாண்டுகளாக இருக்கிறது. குஞ்சுக்கு எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் முக்தேஷ்வர் வகையான ஆர்.டூ.பி. ஊசி. ஆனால் இவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், கரைத்த பிறகு சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். குப்பியோ நூறு, இருநூறு கோழிக்கானது. ஆறு கோழி வைத்திருப்பவர் நூறு கோழிக்கான மருந்தை வாங்கி என்ன செய்வார்?

அதனால்தான் வெப்பம் தாங்கும், நோய் உண்டாக்காத சாதுவான வைரஸ் வகைகள் மேல் ஆய்வாளர்களுக்கு ஒரு கண். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் உருவான ஐ-2 வகை ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்களில் பயன்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி58 வகையைக் கொண்டு வாய்வழிக் குருணை மருந்து உருவாக்கியது. எங்கள் ஆய்வு மாணவி எடுத்துக்கொண்ட கேள்வி இதையொட்டிய சின்னக் கேள்வி. தயாரித்த குருணையை வாங்காமல், அந்தந்த ஊரில் கிடைக்கும் நொய்யிலேயே மருந்தைக் கலந்து இரைத்தால் கோழிக்கு எதிர்ப்புச் சக்தி வருமா?

மாணவி பொள்ளாச்சிப் பக்கம். கால்நடை மருத்துவம் முடித்து முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இருந்தார். நான் அவருடைய வழிகாட்டி. இதில் வரும் தவறுகளில் ஒன்று என்னுடையது.

திட்டம்

ஒன்பது, பத்து நாள் அடைகாத்த கருமுட்டையில் வைரஸைச் செலுத்தி வளர்த்து, முட்டைக்குள்ளிருக்கும் திரவத்தை எடுத்து அளவு பார்த்து, சிறு குப்பிகளில் அடைப்பது. காலையில் கோழியைத் திறந்துவிடுவதற்கு முன் அதை நொய்யில் பிசிறி இரைப்பது. 14 நாள் கழித்து இன்னொரு முறை. முதல் தவணைக்கு முன்னும், இரண்டாம் தவணை முடிந்து இரண்டு வாரம் கழித்தும் இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்து எச்.ஐ. சோதனை. மூன்று பதியிலும் ஒவ்வொரு வீட்டிலும் சில கோழிகளுக்கு மருந்தில்லாத நொய், ஒப்பீட்டுக்காக.

எச்.ஐ. பற்றித் தெரியாதவர்களுக்கு: இந்த வைரஸ் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும், அதை எச்.ஏ. என்போம். கோழியின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டல் நடக்காது, அணுக்கள் சோதனைத் தட்டிலுள்ள குழியின் அடியில் சிவப்புப் பொத்தான்போல் இறங்கிவிடும். சீரத்தை 16 மடங்கு நீர்த்த பிறகும் பொத்தான் இறங்கினால் பாசிட்டிவ்.

திட்ட அறிக்கை 40 பக்கம். வைரஸின் வகை, அளவு, குப்பியின் வெப்பம், கோழியின் வயது எல்லாம் அதில் உண்டு. அரிசி பற்றி இருந்தது ஒரே சொல்: நொய். வீடுகளுக்குக் கொடுத்த மலையாளத் தாளில் அது 'பொடியரி' ஆனது. எந்த அரிசியின் நொய் என்று இரண்டு சொல்லும் சொல்வதில்லை.

முதல் சுற்று: நவம்பர், டிசம்பர் 2020

தீபாவளி முடிந்த வாரம் வேலை தொடங்கியது. கொரோனாக் காலம். எல்லை தாண்ட கேரளப் பக்கம் ஜாக்ரதா தளத்தில் பதிவு, தமிழ்நாட்டுப் பக்கம் இ-பாஸ். அனுமதியெல்லாம் கையில் இருந்தும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சோதனைச் சாவடியில் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டி விளக்கம் சொல்வதிலேயே பாதி நாள் சக்தி போய்விடும் என்பார் மாணவி.

முதல் இரண்டு பதியும் சிக்கலில்லாமல் முடிந்தன. மூன்றாம் பதிக்குப் போன அன்று, பொள்ளாச்சியில் வாங்கிய நொய் மூட்டை தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து மாவு மில்லில் 4 கிலோ வாங்கினார். இரண்டு தவணைக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. குறிப்பேட்டில் 'நொய், 4 கிலோ, உள்ளூர் மில்' என்று ஒரு வரி. நானும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கலந்த நொய்யில் கொஞ்சம் எடுத்து வந்து, கழுவி, மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். முறைப்படி அதைக் கருமுட்டையில் செலுத்தி உயிருள்ள வைரஸ் எவ்வளவு என்று அளக்க வேண்டும். தடுப்பூசி போடாத கோழிகளின் கருமுட்டைக்கு அப்போது பெரிய தட்டுப்பாடு. "எச்.ஏ. பார்த்தா போதும்மா, முட்டையை வீணாக்க வேண்டாம்" என்று சொன்னது நான். மூன்று பதியின் கழுவலிலும் எச்.ஏ. பாசிட்டிவ். சரி என்று விட்டுவிட்டோம்.

டிசம்பர் கடைசியில் எடுத்த ரத்தத்தின் முடிவு புத்தாண்டில் வந்தது. முதல் இரண்டு பதியிலும் மருந்து தின்ற கோழிகளில் பெரும்பாலானவை 1:16ஐத் தாண்டியிருந்தன. மூன்றாம் பதியில் மருந்து தின்றதும் தின்னாததும் ஒரே மாதிரி, கீழேயே கிடந்தன. வாய்வழி மருந்தில் ரத்த டைட்டர், அதாவது ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளின் அளவு, குறைவாக இருந்தாலும் குடலிலும் மூச்சுப்பாதையிலும் பாதுகாப்பு இருக்கலாம் என்று ஒரு சமாதானம் எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். அதைச் சொல்லிக்கொண்டோம்.

ஜனவரி 2021: கோழிகள் சாகத் தொடங்கின

ஜனவரி முதல் வாரம் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வாத்துகளில் எச்5என்8 பறவைக் காய்ச்சல் உறுதியானது. நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழித்தார்கள். தமிழ்நாட்டுச் சாவடிகளில் கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள், மற்ற வண்டிகளுக்கு மருந்து தெளித்தார்கள்.

ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. பொங்கல் கழிந்து மூன்று நாள். நாட்டில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியதற்கு மறுநாள். மூன்றாம் பதியிலிருந்து மாணவிக்குப் போன் வந்தது. பொங்கலுக்குச் சந்தையில் ஒருவர் வாங்கிவந்த சேவல் முதலில் படுத்தது, பிறகு சுற்றியிருந்த வீடுகளில். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைப் பிளந்து மூச்சு, இரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. பார்த்தால் வெள்ளைக்கழிச்சல்தான். ஆனால் பார்த்து மட்டும் பறவைக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அவர் போய் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். வண்டியில் ஸ்வாப்பும் ஐஸ் பெட்டியும் இருந்தன. உண்மையைச் சொன்னால், "ரெண்டு ஸ்வாப் மட்டும் எடுத்துட்டு வாம்மா" என்றுதான் நான் முதலில் சொன்னேன். நம் மருந்து தோற்றதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் ஆசை. அவர் கேட்டார்: "எடுத்துட்டு வந்து எச்.ஏ. போட்டுப் பாசிட்டிவ் வந்தா என்ன சார் சொல்லுவீங்க? ரெண்டு வைரஸும்தானே ஒட்டும்?"

சரியான கேள்வி. இன்ஃப்ளுவென்சா வைரஸும் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும். அதைப் பிரித்தறிய எங்களால் முடிந்தாலும், அதற்குள் சந்தேக மாதிரி ஒன்று மாநில எல்லை தாண்டி, அதற்கான பாதுகாப்பு வசதி இல்லாத ஆய்வகத்துக்குள் வந்திருக்கும்.

எடுத்த முடிவு: கோழியைத் தொடுவதில்லை, அறுப்பதில்லை. அங்கிருந்தே உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தகவல். செத்த கோழிகளை யாரும் வாய்க்காலில் வீசாமல், அவர்கள் வரும்வரை நாய் இழுக்காதபடி மூடிவைக்கச் சொன்னார். செருப்பையும் உடுப்பையும் கிருமிநாசினியில் ஊறவைத்தார். மற்ற இரண்டு பதிக்கும் மூன்று வாரம் போகவில்லை. ராணிக்கெட்டுக்கு அதிகபட்சமாகக் கொள்ளும் நோயரும்பு காலம், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை, 21 நாள் என்பது கணக்கு. ஆய்வு அட்டவணை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது.

துறையினர் மாதிரி எடுத்துப் போனார்கள். பறவைக் காய்ச்சல் இல்லை, ராணிக்கெட் என்று முடிவு வந்தபோதுதான் அந்தப் பதியில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அதற்குள் ஒரு வீட்டில் மட்டும் 14 கோழியில் 11 போய்விட்டன. அந்த வீட்டு ஆத்தாவுக்கு எழுபது வயதிருக்கும். மாணவியைத் திட்டவில்லை. "மருந்து தின்னதுஞ் செத்துப்போச்சு, தின்னாததுஞ் செத்துப்போச்சு. அப்புறம் அது என்ன மருந்து அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். அதே வாரம் டிவியில் முழுக்க மனிதர்களுக்கான தடுப்பூசிச் செய்தி. பதியில் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பேசினார்கள். அதற்கு நாங்களும் ஒரு காரணம் என்பது இன்றும் உறுத்துகிறது.

டைட்டர் ஏன் ஏறவில்லை

மருந்து தின்ற கோழியும் செத்த பிறகு, குடல் பாதுகாப்பு என்ற சமாதானத்துக்கு இடமில்லாமல் போனது. பிப்ரவரியில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தோம். வெயிலில் வைரஸ் செத்ததா? அதே நாளில் எடுத்துப்போய் மீந்த குப்பியை முட்டையில் அளந்தோம், வீரியம் குறையவே இல்லை. தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தடுத்ததா? அது குஞ்சின் முதல் மூன்று நான்கு வாரத்துக்கான கதை, இவை வளர்ந்த கோழிகள். தின்னவில்லையா? தின்றதை அவரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார், வீடியோவும் இருக்கிறது.

தனிமைக் காலம் முடிந்து அவர் மூன்றாம் பதிக்குத் திரும்பப் போனார். போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. செத்த கோழிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். நவம்பரில் மாணவி விட்டுப்போன மருந்து கலக்காத மீதி நொய், ஒரு தகர டப்பாவில் இருந்ததாம். வண்டு விழுந்திருந்தது. மாணவி, "கஞ்சிக்குங்களா ஆத்தா?" என்று கேட்டிருக்கிறார்.

"இதக் கஞ்சி காச்சுனா வழுவழுன்னு போயிருமே. இது பச்சரிசி நொய்யில்ல? புட்டு மாவுக்கு அரைக்கறப்ப சலிச்சு ஒதுக்கறது." ஒரு மணியை எடுத்து முன்பல்லில் கடித்துக் காட்டினார். மாவாக உடைந்தது. எழுந்து உள்ளே போய் வீட்டுப் புழுங்கலரிசியில் ஒரு மணி கொண்டுவந்து கடித்தார். 'டக்'கென்று சத்தம். உடைந்த துண்டைக் கையில் வைத்தார், கண்ணாடிபோல மங்கலாக ஒளி ஊடுருவியது. பச்சை மணி சுண்ணாம்பு வெள்ளை, அதன்மேல் தவிட்டுத் தூசி.

மாணவி அந்தத் தகர டப்பாவையே கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

ஆய்வகத்தில்

சோதனை எளிது. ஒரே குப்பி மருந்தை மூன்றாகப் பிரித்தோம். ஒன்று பொள்ளாச்சிப் புழுங்கல் நொய்யில், ஒன்று மில் பச்சை நொய்யில், ஒன்று வெறும் திரவமாக. டப்பாவில் இருந்தது பழசாகிவிட்டதே என்று அதே மில்லில் புதிதாகவும் வாங்கிச் சேர்த்தோம். கலந்த உடனே, அரை மணியில், ஒரு மணியில் கழுவி எடுத்து, இந்த முறை முட்டையிலேயே அளந்தோம். முட்டைக்கு நான் யார் யாரிடமோ கேட்க வேண்டியிருந்தது.

புழுங்கலில் கலந்தது ஒரு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய வெறும் திரவத்துக்குச் சமமாக நின்றது. பச்சை நொய்யில், புதியதோ பழையதோ, உயிருள்ள வைரஸ் ஒரு மணியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. அதே கழுவலில் எச்.ஏ. போட்டால் எல்லாமே பாசிட்டிவ்.

கடைசி வரிதான் என் தவறு. எச்.ஏ. காட்டுவது வைரஸின் மேலிருக்கும் புரதத்தை. வைரஸ் செத்தாலும் அந்தப் புரதம் ஒட்டும் வேலையைச் செய்துகொண்டிருக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. முட்டைத் தட்டுப்பாட்டில் எனக்கே மறந்தது.

சமைக்காத தானியங்கள் சிலவற்றில் இந்த வைரஸைச் செயலிழக்க வைக்கும் பொருள்கள் உண்டு என்பது கிராமத் தடுப்பு மருந்து ஆய்வுகளில் முன்பே பதிவான விஷயம். மாணவி படித்தும் இருந்தார். 'தானியம்' என்று படித்தவருக்கு, 'நொய்' என்று எழுதும்போது அது மனதில் வரவில்லை. காரணம் பற்றி எங்கள் ஊகம் இது: பச்சரிசித் தவிட்டில் லைபேஸ் என்ற நொதி உயிரோடு இருக்கும், அரைத்ததும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலங்களாக்கும். தவிடு சீக்கிரம் காறல் அடிப்பது அதனால்தான். கொழுப்பமிலம் வைரஸின் கொழுப்பு உறையைச் சிதைக்கும். நெல்லைப் புழுக்கும்போது அந்த நொதி வெந்து அடங்கிவிடுகிறது. இது ஊகம் என்றுதான் ஆய்வேட்டிலும் எழுதியிருக்கிறார், தனியாக நிரூபிக்கவில்லை.

இரண்டாம் சுற்று

மார்ச்சில் மூன்றாம் பதியில் புழுங்கல் நொய்யோடு மீண்டும். ஆனால் பிழைத்த கோழிகளுக்கு நோய் வந்து போனதால் டைட்டர் ஏற்கனவே உச்சத்தில் இருந்தது. அவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. புதுக் குஞ்சுகளிலும் தாய் கொடுத்த எதிர்ப்பொருள் இருக்கும். ஆறு வாரம் தாண்டிய குஞ்சுகளை மட்டும் எடுத்தோம். கிடைத்தவை 19.

ஆத்தா தன் வீட்டில் பாதிக் குஞ்சுகளைத்தான் விட்டார். அதுவும் நொய்யைக் கடித்துப் பார்த்த பிறகு.

மே 8 முதல் கேரளத்திலும் 10 முதல் தமிழ்நாட்டிலும் முழு ஊரடங்கு. திட்டமிட்ட கடைசி ரத்தத்தை ஜூலையில்தான் எடுக்க முடிந்தது. அதற்குள் சில குஞ்சைப் பருந்து தூக்கியிருந்தது, சில குழம்பாகியிருந்தன. ஊரடங்குக்கு முன் எடுத்த ரத்தத்தில் பெரும்பாலானவை 1:16ஐத் தாண்டியிருந்தன. ஜூலையில் மிஞ்சியவற்றில் டைட்டர் இறங்கியிருந்தது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மருந்து தர வேண்டும் என்று சொல்ல இந்த எண்ணிக்கை போதாது. அந்த இடைவெளியில் நோய் வரவில்லை, அதனால் பாதுகாத்தது என்றும் சொல்லவில்லை.

ஆய்வேடு எழுதும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். மூன்றாம் பதியின் முதல் சுற்றை 'வழிமுறைப் பிறழ்வு' என்று காரணம் காட்டி விட்டுவிடலாம் என்பது என் யோசனை. எண்கள் சுத்தமாக இருக்கும், ஒரு கட்டுரையும் சுலபமாக வெளியாகும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறழ்வு என்றால் விதி இருந்திருக்க வேண்டும், நாம் விதியே எழுதவில்லையே சார் என்றார். அது தனி அத்தியாயமாகவே நின்றது. வாய்மொழித் தேர்வில் பாதி நேரம் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

இனி எப்படிச் செய்வோம்

மருந்தைச் சுமக்கும் பொருளுக்கும் குப்பிக்குக் கொடுக்கும் அதே மரியாதை. எந்த அரிசி, புழுங்கலா பச்சையா, எந்த மில், எப்போது உடைத்தது, தவிடு எவ்வளவு என்று ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தாள். ஊருக்குப் போகும் முன்பே அந்த நொய்யில் மருந்து ஒரு மணி நேரம் தாங்குகிறதா என்று முட்டையில் சோதனை. முட்டை இல்லையென்றால் பயணம் தள்ளிப்போகும்.

வீடுகளுக்கான தாள் தமிழிலும் இருக்க வேண்டும். மலையாளத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அதைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தாளில் எழுதுவதற்கு முன் அந்தச் சொல் அந்த வீட்டில் எதைக் குறிக்கிறது என்று அடுப்படியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆய்வுக் காலத்தில் கோழி செத்தால் ஈடு கொடுக்க நிதியில் ஒரு வரி ஒதுக்க வேண்டும். எங்கள் நிதியில் அது இல்லை. மாணவி தன் உதவித்தொகையிலிருந்து ஆத்தாவுக்கு ஒரு பெட்டையும் அடைமுட்டையும் வாங்கிக் கொடுத்தார் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. அது அவர் செய்திருக்க வேண்டிய செலவு அல்ல.

பறவைச் சாவு பற்றிய நடைமுறை இப்போது ஒரு பக்கத் தாளாகக் களப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் வரி: தொடாதே, அறுக்காதே, முதலில் துறைக்குச் சொல். வழிகாட்டி வேறு மாதிரி சொன்னாலும் இதுவே செல்லும் என்ற இரண்டாவது வரியை நானே சேர்க்கச் சொன்னேன்.

பாக்கி ஒன்று இருக்கிறது. பாலக்காட்டில் பல வீட்டில் சாப்பிடுவது மட்டை அரிசி. புழுக்கியதுதான், ஆனால் சிவப்புத் தவிடு பாதி ஒட்டியே இருக்கும். அதன் நொய் எந்தப் பக்கம் சாயும் என்பதை இன்னொரு மாணவர் எடுத்திருக்கிறார். மூன்று மில்லிலிருந்து நொய் வந்துவிட்டது. முட்டைக்காகக் காத்திருக்கிறோம்.